ஜிங்பெங் கணவாயில் நீராவி: ஜனவரி 2004 நாட்குறிப்பு

5 ஜனவரி 2004, திங்கள் – பெய்ஜிங்

இன்றிரவு சிஃபெங் நகருக்குச் செல்லும் ரயிலில் படுக்கை உறுதியாகிவிட்டது. அங்கிருந்து சாலை வழியாக இன்னர் மங்கோலியாவின் கெஷிக்தெங் பகுதிக்குப் போய், ஜிங்பெங் கணவாயில் சரக்கு ரயில்களை மலையேற்றும் நீராவி எஞ்சின்களைப் படமெடுப்பதுதான் இந்தப் பயணத்தின் ஒரே நோக்கம். பெருஞ்சுவரைக்கூடப் பார்க்காமல் கிளம்புகிறீர்களே என்று தங்கும் விடுதியில் வியந்தார்கள். சுவரை அடுத்த முறை வந்தும் பார்த்துக்கொள்ளலாம். கணவாயில் டீசல் வரப்போகிறது என்ற பேச்சு இப்போதே அடிபடுகிறது.

இந்தியாவில் அகலப்பாதையில் வழக்கமான நீராவி ரயில்கள் 1995 டிசம்பரோடு முடிந்துபோயின. அதே 1995-இல் சீனாவில் ஜினிங் நகரையும் தொங்லியாவ் நகரையும் இணைக்கும் சுமார் 945 கி.மீ. நீளப் புதிய பாதை திறக்கப்பட்டு, அதில் ரயில்களை இழுக்க நீராவி எஞ்சின்கள் அமர்த்தப்பட்டன. இதைப் பழமைப் பற்று என்று நினைத்துவிடக் கூடாது. நாட்டின் முதன்மைப் பாதைகள் வேகமாக டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறிக்கொண்டிருந்ததால், பத்துப் பதினைந்து வயதுகூட ஆகாத நல்ல எஞ்சின்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. நிலக்கரிக்கோ இன்னர் மங்கோலியாவில் பஞ்சமில்லை. கணக்குப் பார்த்துத்தான் அந்த முடிவை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின் பயனாகத்தான், உலகின் பெரும்பாலான பகுதிகளில் நீராவி ரயில் காட்சிப்பொருளாகிவிட்ட இந்த நாளிலும், ஜிங்பெங்கில் அது பிழைப்புக்கான வேலையாகவே இருக்கிறது.

மூட்டையில் இருப்பவை: பேட்டரி செத்தாலும் ஷட்டர் இயங்கக்கூடிய நிக்கான் எஃப்எம்2 கேமராக்கள் இரண்டு, வெல்வியா, புரோவியா ஸ்லைடு ஃபிலிம் சுருள்கள், முக்காலி, நிறைய பிளாஸ்டிக் பைகள். பைகளின் பயன் அங்கே போனதும் தெரியும்.

6 ஜனவரி, செவ்வாய் – ரெஷுய்

காலையில் சிஃபெங்கில் இறங்கினோம். ஏற்பாடு செய்திருந்த கார் ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். இங்குள்ள வழக்கப்படி அவரை ‘ஷிஃபு’ என்றே அழைக்கிறோம். கைத்தொழில் தெரிந்த மூத்தவர்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. படம் எடுக்க வரும் வெளிநாட்டினரைப் பல குளிர்காலங்களாக ஏற்றிச் செல்கிறவர் என்பதால், எந்த மேட்டில் எந்த நேரத்தில் வெயில் விழும் என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வழியெல்லாம் பழுப்பு நிறக் குன்றுகள், அறுவடை முடிந்த வெற்று வயல்கள், பள்ளங்களில் மட்டும் ஒதுங்கிக் கிடக்கும் பனி. இந்தப் பகுதியில் குளிர் கடுமையானதே தவிர பனிப்பொழிவு அதிகமில்லை. ரெஷுய் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன சிற்றூர். அறையில் நுழைந்ததும் பெரிய தெர்மாஸில் வெந்நீர் வைத்துவிட்டுப் போனார்கள். இரவு ஆட்டிறைச்சியும் நூடுல்ஸும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, ஊருக்கு மேலே எங்கோ ஓர் எஞ்சின் ஏறும் ஓசை கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தேன், அது மறைய அரை மணிநேரத்துக்கு மேல் ஆயிற்று.

7 ஜனவரி, புதன் – சிமிங்யி

விடிவதற்குள் கிளம்பி, கணவாயின் மேற்குப் பக்கத்தில் உள்ள சிமிங்யி உயர்பாலத்துக்கு எதிர்ப்புறக் குன்றில் ஏறி நின்றோம். வெப்பநிலை மைனஸ் 25. கணவாயின் பாதை நேராக ஏறுவதில்லை. மலையின் சரிவு ரயிலுக்குத் தாங்காது என்பதால், பள்ளத்தாக்கை வளைந்து கடந்து, எதிர்ச்சரிவில் திரும்பி, மறுபடியும் வளைந்து, கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைச் சேர்த்துக்கொண்டு ஷாங்தியன் அருகிலுள்ள உச்சிச் சுரங்கப்பாதையை அடைகிறது. ஆகவே ஒரே ரயிலைக் கீழே பாலத்தின் வளைவிலும், பிறகு மேலே சரிவிலும் ஒரே குன்றிலிருந்து பார்க்க முடிகிறது.

முதலில் விசில் கேட்டது. ரயில் கண்ணுக்குத் தெரிய வெகுநேரம் ஆனது. இங்கே ஒவ்வொரு சரக்கு ரயிலுக்கும் முன்னால் இரண்டு எஞ்சின்கள் பூட்டுகிறார்கள்; இரண்டும் ‘சியென்ஜின்’ வகை. முன்னே இரண்டு, நடுவில் பத்து, பின்னே இரண்டு என்று சக்கரங்கள் அமைந்த கனரக எஞ்சின் அது. சோவியத் வடிவமைப்பை அடியொற்றி 1956-இல் முதல் எஞ்சின் செய்யப்பட்டது. 1988 வரை நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவை உருவாயின. பெரும்பாலானவை தாதொங் ஆலையில் பிறந்தவை. இன்று எங்கள் முன்னால் வந்த இரண்டும் எண்பதுகளில் செய்யப்பட்டவை என்று எண் பலகையைப் பார்த்து ஷிஃபு சொன்னார்.

இயக்கு சக்கரத்தின் விட்டம் 1.5 மீட்டர். இரண்டு சிலிண்டர்கள் என்பதால், சக்கரம் ஒரு முறை சுழலும்போது புகைபோக்கி நான்கு முறை அதிர்ந்து வெளிவிடும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் இது நொடிக்கு ஏறக்குறைய ஆறு அதிர்வுகளாகிறது. இரண்டு எஞ்சின்களின் சக்கரங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. ஆகவே இரண்டின் அதிர்வுகளும் சிறிது நேரம் ஒன்றாகச் சேர்ந்து பேரொலியாகி, பிறகு மெல்ல விலகி இரட்டைத் தாளமாகி, மறுபடியும் சேர்கின்றன. ஜோடித் தவில் வாசிப்பைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சேர்க்கையும் விலகலும் உடனே பிடிபடும். படத்தில் இதில் ஒரு துளிகூட வராது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

படத்தில் வருவது நீராவி. எல்லோரும் புகை என்று சொல்லும் அந்த வெண்திரளில் பெரும்பகுதி தண்ணீர்தான். சிலிண்டரில் வேலை முடித்து வெளியேறும் ஆவி உறைகுளிர்க் காற்றில் பட்டவுடன் நுண்துளிகளாகிவிடுகிறது. அந்தக் குளிரில் காற்றால் அதிக ஈரத்தை ஏற்றுக்கொள்ளவும் முடியாது என்பதால், துளிகள் சீக்கிரம் கரையாமல் ரயிலின் பாதி நீளத்துக்கு மேல் வெள்ளைக் கூரையாக நிற்கின்றன. கோடையில் இதே ரயில் இதே ஏற்றத்தில் வந்தால் புகைபோக்கிக்கு மேலே சிறிது கரும்புகை மட்டும் தெரியும். குளிர், சுமை, ஏற்றம் மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். சுமையில்லாத சுற்றுலா ரயிலை எவ்வளவு பளபளப்பாகத் துடைத்து நிறுத்தினாலும், அதைப் படமெடுக்க என் கை எழுவதில்லை. வேலை செய்யும்போது அந்த இயந்திரத்தின் முகமே வேறு.

காலை ரயில் பாலத்தில் முழுமையாக வந்தபோது காற்று அசையவில்லை. இரண்டு வெண்தூண்களும் செங்குத்தாக எழுந்து, மேலே சாய்ந்து, பின்னால் வந்த பெட்டிகளின் மீது நிழல் விழாமல் விலகி நின்றன. எட்டுப் படங்கள் எடுத்தேன்.

8 ஜனவரி, வியாழன்

வடமேற்கிலிருந்து பலத்த காற்று. நீராவி முழுவதும் ரயிலின் வெயில் பக்கத்தில் சரிந்து விழுந்து, எஞ்சினையே மறைத்துவிட்டது. பிற்பகலோடு திரும்பினோம். மாலை முழுவதும் அறைக்குள் உட்கார்ந்து சுருள்களுக்கு எண் எழுதினேன்.

9 ஜனவரி, வெள்ளி – ஜிங்பெங் நிலையம்

இன்று மலையில் ஏறாமல், மலையேறும் முன் ரயில் நிற்கும் நிலையத்திலேயே காலையைக் கழித்தோம். ஜிங்பெங் நிலையத்தில் நின்ற ரயிலின் முன் எஞ்சினை மிக அருகில் பார்க்க முடிந்தது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலிருந்து கையளவு தடிமனில் பனிக்கூம்புகள் தொங்கின. அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி, ஃபயர்பெட்டிக்குக் கீழே சிவந்த சாம்பல் உதிர்ந்துகொண்டிருந்தது. நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குடுவையுடன் டிரைவர் இறங்கி, ஒவ்வொரு இணைப்புத் தண்டின் மூட்டையும் முதலில் கையுறையைக் கழற்றிப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார். பிறகுதான் எண்ணெய் விட்டார். உறைகுளிரில் வெறுங்கையால் இரும்பைத் தொடும் அந்தப் பழக்கத்தை நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு கூடியிருந்தால் அந்த மூட்டு மலையின் பாதியில் மக்கர் செய்துவிடும் என்பதால், இதில் அவருக்குச் சமரசமே இல்லை.

இந்த எஞ்சினுக்குக் கரியை மண்வெட்டியால் அள்ளிப் போட்டு மாளாது. பின்வண்டியிலிருந்து திருகு போன்ற இயந்திரத் தண்டு கரியை முன்னே தள்ளிக்கொண்டு வர, நீராவிப் பீச்சல்கள் அதை நெருப்பின் மேல் பரப்புகின்றன. ஆனாலும் ஃபயர்மேனுக்கு ஓய்வில்லை. நெருப்பில் ஓட்டை விழுகிறதா, கொதிகலனில் தண்ணீர் மட்டம் சரியா, அழுத்தம் நிற்கிறதா என்று மலை முடியும்வரை கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டீசல் வந்தால் வருத்தமா என்று ஷிஃபுவை மொழிபெயர்ப்பாளராக வைத்து அந்த ஃபயர்மேனிடம் கேட்டேன். அவர் சிறிதும் தயங்காமல், டீசல் எஞ்சினில் கதவைச் சாத்திக்கொள்ளலாம், கால் விறைக்காது, வீட்டுக்குப் போனால் மனைவி சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டியதில்லை என்றார். அவர் சொல்வதில் மறுக்க எதுவுமில்லை. முகத்தின் ஒரு பக்கம் நெருப்பின் அனல், மறுபக்கம் மங்கோலியக் காற்று என்று வாழ்நாளைக் கழிக்கும் ஒருவருடைய கணக்கில் என் ரசனைக்கு இடம் கேட்பது நியாயமாகாது. அவர்களுடைய உழைப்பைச் சரியாகப் பதிவு செய்வதுதான் என்னால் ஆகக்கூடியது. அதனால் இன்று எஞ்சினைவிட மனிதர்களையே அதிகம் படமெடுத்தேன். அனுமதி கேட்ட பிறகே கேமராவை உயர்த்தினேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

10 ஜனவரி, சனி – எர்தி

கணவாயின் கிழக்குச் சரிவு. ரெஷுய் பக்கத்திலிருந்து மேற்கே ஏறும் ரயில்கள் எர்தி உயர்பாலத்தைக் கடக்கும்போது, மாலை வெயில் ஏறக்குறைய ரயிலின் முகத்துக்கு எதிரே கிடைக்கிறது. இந்த அட்சரேகையில் ஜனவரித் தொடக்கத்தில் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 25 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை; ஆகவே நாள் முழுவதும் சாய்ந்த வெளிச்சம். சக்கரங்களுக்குள்ளும் தண்டுகளுக்கு அடியிலும் அந்த வெளிச்சம் புகுந்துவிடும். எங்கள் ஊர் உச்சிவெயிலில் எஞ்சினின் கீழ்ப்பாதி முழுவதும் கருநிழலாகிவிடுவதை நினைத்துப் பார்த்தால், இந்தக் குளிரைத் தாங்குவதற்கான பலன் புரியும்.

அஸ்தமனம் ஐந்து மணிக்குச் சற்று முன்னால். நாலரைக்குள் ரயில் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கேமராக்களைக் கோட்டுக்குள் அக்குளோடு அணைத்து வைத்திருந்தோம். வெளியே வைத்தால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் பேட்டரி சோர்ந்துவிடும். ஃபிலிமும் விறைத்து, வேகமாகச் சுற்றினால் ஓரத்துளை கிழியும், அல்லது உராய்வில் எழும் மின்பொறி படத்தில் கிளை கிளையாகப் பதியும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் நெம்புகோலை மெதுவாகத்தான் தள்ள வேண்டும். மூச்சை வியூஃபைண்டரில் விட்டால் உடனே வெள்ளைப் படலம் உறைகிறது.

நாலு மணி இருபது நிமிடத்துக்கு வந்தது. எஞ்சின்களின் பக்கவாட்டு முழுவதும் பொன்னிறமாக மின்ன, நீராவியின் கீழ்விளிம்பு ஆரஞ்சாகவும் மேற்பகுதி நீலம் கலந்த சாம்பலாகவும் இருந்தது. வெண்மையை நம்பி அளந்தால் எஞ்சின் இருட்டிவிடும், கருமையை நம்பினால் நீராவி வெளுத்துவிடும். ஸ்லைடு ஃபிலிம் இரண்டில் எதையும் மன்னிக்காது. பனி மூடிய சரிவை அளந்து, அதிலிருந்து வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் (கேமராவின் ஒளியளவுப் படி) கூட்டி வைத்துக்கொண்டேன்.

அறைக்குத் திரும்பியதும் கேமராக்களை வெளியிலேயே பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டிய பிறகே உள்ளே கொண்டுவந்தோம். அறையின் ஈரம் பையின் மேல்தான் படியும்; லென்ஸுக்குள் போகாது. புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் இதைச் செய்ய வேண்டும்.

12 ஜனவரி, திங்கள் – தாபன்

கணவாயின் இருபுறமும் ஓடும் எஞ்சின்களுக்குத் தாய்வீடு தாபன் லோகோ ஷெட். உரிய அனுமதியுடன் உள்ளே போனோம். காலைக் குளிரில், ஆவி பிடித்த எஞ்சின்கள் வரிசையாக நின்றதில் பத்தடிக்கு அப்பால் இருப்பவர் தெரியவில்லை. சுத்தியல் ஓசையை வைத்துத்தான் ஆள் இருக்கும் இடத்தை அறிய முடிந்தது. வேலையிலிருந்து திரும்பும் எஞ்சின் முதலில் சாம்பல் குழிக்கு மேல் நின்று நெருப்பைத் துப்புரவு செய்துகொள்கிறது. நீண்ட இரும்புக் கம்பியால் இருவர் கசடை உடைத்துக் கீழே தள்ள, குழியில் தண்ணீர் பீய்ச்சி அணைக்கிறார்கள். பிறகு கரி, தண்ணீர், மணல். மணல் எதற்கென்றால், தண்டவாளத்தில் பனி படிந்திருக்கும்போது சக்கரம் வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னால் தூவுவதற்கு. ஈரமணல் குழாயில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை உலர்த்துவதற்கென்றே ஒரு தனிக் கொட்டகை வைத்திருக்கிறார்கள். ஒரு டீசல் எஞ்சினுக்கு இத்தனை கைகள் வேண்டியதில்லை. இந்த ஷெட்டை நம்பி வாழும் குடும்பங்களைப் பற்றி ஜிங்பெங் ஃபயர்மேனிடம் கேட்காமல் விட்ட கேள்வி இங்கே எழுந்தது, மேற்பார்வையாளரிடம் கேட்டேன். இளையவர்களை டீசல் பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டோம், மூத்தவர்களைப் பற்றி இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றார்.

பிற்பகலில் மேற்கே போகவிருக்கும் ஜோடிக்கு ஆவி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அட்டவணைப்படி அது மூன்று மணிக்குள் கிளம்பினாலும் இருட்டுவதற்கு முன், கணவாய்க்குப் போகும் வழியிலுள்ள லின்சியைத் தாண்டாது. ஆகவே ஷிஃபுவுடன் பேசி, நாளை விடியற்காலை ரெஷுய்க்குக் கீழே உள்ள வளைவில் அடுத்த ரயிலுக்காகக் காத்திருப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். வெல்வியா இன்னும் ஆறு சுருள்கள் மிச்சம் இருக்கின்றன.