தாடி ஒன்றுதான்: சலூனில் எடுத்த குறும்படம்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டில் குறும்படம் எடுத்தே ஆக வேண்டும். வசனத்தை நம்பாமல் ஷாட்டாலும் கட்டாலும் கதை சொல்ல வேண்டும், கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி, இடறக் கூடாது என்பது எங்கள் துறையில் போட்ட நிபந்தனை. நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு சலூன் கதை. துபாயிலிருந்து தாடியோடு வந்து இறங்கும் மகன், பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அப்பாவின் கடையில் சவரத்துக்கு உட்காருகிறான். அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் சவரத்துக்கு இரண்டாவது டேக் கிடையாது. ஒரு பக்கம் கத்தி ஓடிவிட்டால் ஓடியதுதான். மகனாக நடித்த நண்பன் அந்தப் படத்துக்காகவே தாடி வளர்த்திருந்தான், வீட்டில் திட்டும் வாங்கியிருந்தான். அதனால் கதைக்கு முன்பே ஷாட் பிரிப்பதில் உட்கார்ந்தோம்.

இடம் திருச்சி உறையூரில் ஒரு சின்ன சலூன். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால் அன்று மட்டும் கடையை எங்களுக்குத் திறந்துவிடுவதாகக் கடைக்கார அண்ணன் சொன்னார். ஒரு செவ்வாயில் நுரை போடுவது வரை, அடுத்த செவ்வாயில் சவரம் என்று பிரித்துக்கொண்டோம்.

தலைவலி கொடுத்தது கண்ணாடி. 180 டிகிரி கோட்டை வகுப்பில் எல்லோரும் படித்திருப்போம்: பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தாண்டினால் இடது பக்கம் இருந்தவர் திடீரென்று வலது பக்கம் தெரிவார். சலூனில் கோட்டைத் தாண்டாமலே அது நடக்கிறது. அப்பா, மகனின் வலது தோள் பக்கம் நிற்கிறார் என்று வையுங்கள். கண்ணாடி ஓரமாக நின்று அவர்களை நேராக எடுத்தால், அப்பா ஃபிரேமில் இடது பக்கம். பின்னாலிருந்து கண்ணாடிக்குள் தெரியும் உருவத்தை எடுத்தால், அப்பா வலது பக்கம். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் ஆள் தாவுவார்.

நடுவில் ஒரு இன்சர்ட் போட்டுச் சமாளிக்கலாம்: நுரைக் கிண்ணம், பிரஷ், சீப்பு என்று எதையாவது காட்டிவிட்டு மறுபக்கம் போகலாம். பலர் செய்வதுதான். எனக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் பேச்சு முழுவதையும் கண்ணாடிக்குள்ளேயே வைத்துவிட்டோம். அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் கண்ணாடி வழியாக மட்டுமே பார்க்கிறார்கள். கடைசியில் மகன் திரும்புகிறான். அங்கே மட்டும் நேர் ஷாட். தாவல் அங்கேயும் இருக்கும்தான். ஆனால் அந்த இடத்தில் பார்ப்பவருக்கு ஒரு குலுக்கல் வேண்டும்.

கண்ணாடியை எடுப்பதில் இன்னொரு சங்கடம், லுக், அதாவது பார்வை போகும் திசை. மகன் கண்ணாடியில் அப்பாவின் கண்ணை உண்மையிலேயே பார்த்தால், ஓரமாக நிற்கும் கேமராவுக்கு அவன் வேறெங்கோ பார்ப்பதுபோல் இருக்கும். கேமராவில் பார்த்துப் பார்த்து சரியான இடத்தைப் பிடித்து, கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினோம். அவன் பொட்டோடு பேசினான், திரையில் அப்பாவோடு பேசினான். பொட்டு ஃபிரேமின் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஆண்கள் சலூன் கண்ணாடியில் பொட்டு ஏது?

ஃபோகஸும் ஏமாற்றும். கண்ணாடி பக்கத்தில் இருந்தாலும், உருவத்துக்கான தூரம் என்பது கேமராவிலிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து ஆளுக்கும் சேர்த்துத்தான். 50 எம்எம் லென்ஸை எஃப் 1.8-இல், அதாவது நன்றாகத் திறந்து வைத்தால் ஒரு முகம் தெளிந்து இன்னொன்று கரையும். திறப்பைச் சுருக்கி எஃப் 4-க்கு இறக்கினோம். டியூப் லைட் மினுக்காமல் இருக்க வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வினாடி. சுவர்க் கடிகாரத்தையும் தினசரி காலண்டரையும் கழற்றி வைத்தாயிற்று. அண்ணன் பழக்கத்தில் ரேடியோவைப் போடப் போனார், கும்பிட்டு நிறுத்தினோம். ஷாட்டுக்கு ஷாட் பாட்டு வேறாக இருந்தால் ஒட்டவே முடியாது.

சவரத்துக்கு இரண்டு கேமரா. துறையின் டிஎஸ்எல்ஆர் பின்னாலிருந்து கண்ணாடியைப் பார்த்தது. ஒரு போன், பவுடர் டப்பாவுக்கும் தண்ணீர் ஸ்பிரேவுக்கும் நடுவே சாய்ந்து நின்று கன்னத்தின் குளோசப்பை நேராக எடுத்தது. சலூன் மேசையில் போன் இருப்பது இயல்புதானே, கண்ணாடியில் தெரிந்தாலும் கவலை இல்லை. அப்பாவாக நடித்தவருக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. குளோசப்பில் கை அண்ணனுடையது. அவர் மோதிரம் விரலிலிருந்து கழலாது என்பதால், அதே மாதிரி ஒன்றைக் கடைவீதியில் வாங்கி நடிகருக்குப் போட்டோம். வைடில், அதாவது இருவரும் தெரியும் அகல ஷாட்டில், நடிகர் பிளேடு இல்லாத கத்தியைக் கன்னத்தருகே கொண்டுபோவார், கட். அதற்குப் பிறகு கத்தி ஓடும் ஷாட்டில் எல்லாம் அண்ணனின் கையும் சட்டைக் கையும் மட்டும்தான் ஃபிரேமில்.

நுரைதான் படுத்திய பாடு. வெயிலுக்கு நிமிடத்தில் அமுங்கிவிடும். ஒவ்வொரு கட்டுக்கும் போனில் படம் பிடித்து, அதைப் பார்த்து மறுபடி போட ஒருவனை அதற்கென்றே நிறுத்தினோம். இரண்டு செவ்வாய்களுக்கும் நடுவிலான ஒட்டு, பிரஷ் கன்னத்தைத் தொட்டுச் சுழலும் அசைவில் விழும்படி திட்டமிட்டோம். முதல் வாரம் சுழற்சி தொடங்கி முடியும்வரை எடுத்தோம், அடுத்த வாரம் அதே சுழற்சியை முதலிலிருந்து. அசைவு நடுவில் கட் விழுந்தால் கண் அசைவின் பின்னால் போய்விடும், நுரையின் அளவைப் பார்க்காது. இப்படி இரண்டு பக்கமும் மிச்சம் விட்டு எடுக்காமல் எடிட்டில் உட்கார்ந்தால் தலைகீழாக நின்றாலும் அசைவோடு அசைவு பொருந்தும் மேட்ச் கட் கிடைக்காது.

எடிட் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில். போனில் எடுத்த குளோசப் அத்தனையையும் இடவலமாக ஃபிளிப் செய்தேன். கண்ணாடி ஷாட்டில் வலது கன்னம் திரையில் வலது பக்கம் தெரிகிறது, நேர் ஷாட்டில் அதே கன்னம் இடது பக்கம். ஃபிளிப் செய்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நண்பனின் சட்டைப் பை பக்கம் மாறியிருக்கும், ஆனால் சலூன் துணி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

ஒரு இடத்தில் குழுவுக்குள் சண்டையே வந்தது. மகன் கண் கலங்கும் நல்ல டேக்கில் காது மடலில் கொஞ்சம் நுரை, முந்தைய ஷாட்டில் அது இல்லை. சுத்தமாக இருந்த டேக்கில் நடிப்பு சப்பென்று இருந்தது. எடிட்டர் வால்ட்டர் மர்ச் ஒரு கட்டுக்கான காரணங்களை வரிசைப்படுத்தும்போது உணர்ச்சிக்கு 51 சதவீதம் கொடுக்கிறார். ஆட்கள் இருக்கும் இடத்தின் தொடர்ச்சிக்கு 4 சதவீதம்தான், அதுவும் கடைசி இடம். காதில் ஒட்டிய நுரைக்கு அதற்கும் கீழேதான் மதிப்பு என்று வாதாடி நுரை டேக்கையே வைத்தேன். அப்பாவின் குரலை, படம் மாறுவதற்கு அரை வினாடி முன்னாலேயே கேட்கவிட்டு ஜே கட்டாகப் போட்டதில் அந்த ஒட்டு இன்னும் மறைந்தது.

முடித்ததும் முதலில் கடைக்கார அண்ணனுக்குத்தான் போட்டுக் காட்டினோம். குளோசப் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "நான் எப்பத் தம்பி இடது கையில சவரம் பண்ணினேன்?" என்றார். ஃபிளிப்பை விளக்கினேன், தலையாட்டினார், நம்பவில்லை. எழுந்து போய்க் கத்தியைப் பிடித்தபடி கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். "அட, இத்தனை வருஷமா இதைப் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.