ஃபுல் லோட் ஸ்க்ரூ

"எத்தனை நாள் தாங்கும்னு கேட்டா தெரியாதுங்கிற. அப்புறம் வேணாம்னு மட்டும் எப்படித் தம்பி தெரியும்?"

போன மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு, டீசல் பம்புகளைச் சரிபார்க்கும் என் பம்ப் ரூமில் உட்கார்ந்து ஒரு விசைப்படகு ஓனர் கேட்டது. பம்பில் டீசலை அவர் கேட்ட அளவுக்கு ஏற்ற வேண்டாம் என்று நான் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. அன்றைக்கு நான் ஏதோ சொல்லி அனுப்பினேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. நினைக்க நினைக்க எனக்கும் போதவில்லை.

கடலூர் முதுநகரில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் எங்களுக்கு எப்படிப் போகும் என்று துறைமுகத்துப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில்தான் அவர் வேலையோடு வந்தார். அவர் படகில் இருந்தது லாரி எஞ்சின், டாடா 697. எஞ்சின் புகையால் சுழன்று உள்ளே கூடுதல் காற்றை அமுக்கும் டர்போ அதில் இல்லை. ஆறு சிலிண்டர், 5675 சிசி. காயலான் கடையில் நல்ல நிலையில் ஒரு டர்போவும் அதற்கேற்ற மேனிஃபோல்டும் (சிலிண்டர்களோடு இணைக்கும் குழாய்) கிடைத்திருக்கிறது. ஃபிட்டர் ஆயில் லைன் இழுத்து மாட்டிவிட்டார். எனக்கு வந்த வேலை ஒன்றுதான்: "பம்புல டீசல ஏத்திக் கொடு."

டீசல் எஞ்சினில் காற்றை யாரும் அளந்து விடுவதில்லை. வருகிற காற்று முழுவதும் உள்ளே போகும். பவரைத் தீர்மானிப்பது பம்ப் தள்ளும் டீசல்தான். அதனால் டர்போவை மட்டும் மாட்டிவிட்டு பம்பைத் தொடாமல் விட்டால் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. புகை குறையும், சூடு குறையும், பவர் கொஞ்சம்தான் கூடும். அந்தக் கொஞ்சம் போதாது என்று நினைக்கும்போதுதான் ஆள் என்னிடம் வருகிறார்.

டர்போவிலிருந்து அரை பார் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றைவிட அரைப் பங்கு கூடுதல் அழுத்தம், வந்தால் காற்று ஒன்றரை மடங்காகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. அமுக்கும்போது காற்று சூடாகிறது. 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று சாதாரண டர்போவில் 80 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். சூடான காற்று லேசானது. அதைக் குளிர்விக்கும் கூலர் இல்லாவிட்டால் உண்மையில் கூடுவது கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அவரிடம் கூலர் இல்லை. சுற்றிலும் கடல்தண்ணீர் இருக்கிறது, அதை வைத்தே காற்றைக் குளிர்விக்கலாம் என்றேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்.

பம்பைச் சோதிக்கும் பெஞ்சில் ஏற்றிப் பார்த்தபோது அவருடைய பம்ப் தள்ளும் டீசல் ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு 55 சிசியை ஒட்டி இருந்தது. டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் ஃபுல் லோட் ஸ்க்ரூவைத் திருப்பி நான் 62-இல் நிறுத்தி சீல் வைத்தேன். டீசல் பீய்ச்சும் நேரமான டைமிங்கையும் சற்றுப் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னேன். அவர் கேட்டது 75. பக்கத்துப் படகுக்காரர் யாரோ அந்த எண்ணைச் சொல்லியிருக்கிறார்.

லாரி என்றால் நான் இவ்வளவு பிடிவாதமாக இருந்திருப்பேனா என்று யோசித்திருக்கிறேன். லாரி மேட்டில் திணறும், அப்புறம் இறக்கத்தில் ஓய்வெடுக்கும். படகுக்கு இறக்கம் கிடையாது. வலையைப் போட்டு இழுக்கும்போது எஞ்சின் குறைந்த சுற்றில் மணிக்கணக்காக முழுப் பாரத்தைச் சுமக்கிறது. சுற்று இறங்கியதும், சுற்றை நிலையாக வைக்கப் பார்க்கும் கவர்னர், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கைக் கடைசிவரை தள்ளும். ஸ்க்ரூ எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு டீசலும் உள்ளே போகும். ஆனால் அந்தச் சுற்றில் டர்போ இன்னும் வேகம் பிடித்திருக்காது. 75 சிசிக்கு வேண்டிய காற்று அங்கே இல்லை. எரியாத டீசல் கரும்புகையாகப் போகிறது, எரிவது பிஸ்டன் தலையைச் சுடுகிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. கம்பெனியே டர்போவோடு விற்கும் பல எஞ்சின்களின் பம்பில் கவர்னர் மேல் ஒரு டயாஃப்ராம் இருக்கும், எல்.டி.ஏ. என்போம். மேனிஃபோல்டில் பூஸ்ட் ஏறும்வரை ரேக்கை முழுசாகப் போகவிடாது. அதைப் போடலாம் என்று சொன்னேன். விலையைக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. பம்பை மட்டும் மாற்றினால் போதாது என்பதையும் சொன்னேன். டர்போவுக்கென்றே செய்த எஞ்சின்களில் பெரும்பாலும் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட் இருக்கும், சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் விகிதமான கம்ப்ரஷனையும் குறைத்திருப்பார்கள். இவருடைய எஞ்சினில் இரண்டும் இல்லை.

தடை முடிந்ததும் ட்ரயலுக்கு நானும் போனேன். டர்போவுக்கு முன்னால் புகை வெப்பம் பார்க்கும் மீட்டர் மாட்டியிருந்தேன். 62 சிசியில் வலை இழுக்கும்போது 620 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றது. 700-ஐத் தாண்டி நிலையாக நிற்கக் கூடாது என்பது நான் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு. பிஸ்டன் அலுமினியத்தில் செய்தது; சுத்த அலுமினியமே 660-இல் உருகும். பிஸ்டன் ஆயிலுக்கும் சிலிண்டர் சுவரான லைனருக்கும் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் பிழைக்கிறது. 75 வைத்தால் முள் எங்கே போகும் என்று எனக்கு மீட்டர் பார்க்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகுதான் அந்தக் கேள்வி.

எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு உண்மையில் தெரியாது. டீசல் பீய்ச்சும் நாசில் ஒன்று ஒழுகினால் ஒரே நடையில் பிஸ்டன் போகலாம். டிரைவர் கை மெதுவாக இருந்தால் இரண்டு வருஷமும் ஓடலாம். "தெரியாதுண்ணே, அதனாலதான் வேணாங்கறேன்" என்றேன். "எனக்கு டீசல் கடன், வட்டி எல்லாம் தெரிஞ்ச கணக்கு தம்பி" என்று எழுந்துவிட்டார். கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். அப்புறம் வேறொரு பம்ப் ரூமில் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டார் என்று அவருடைய டிரைவரே என்னிடம் சொன்னார்.

அந்தப் படகு இன்றைக்கும் ஓடுகிறது.

கரும்புகை விட்டுக்கொண்டுதான் முகத்துவாரம் தாண்டுகிறது. ஆனால் ஓடுகிறது. மற்றவர்களுக்கு முன்னால் கரை சேர்கிறார், மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது. அதில் போகிற பையன்கள் எனக்குத் தெரிந்தவர்கள். எஞ்சின் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அது ஓடும் ஒவ்வொரு மாதமும் என் வார்த்தை பொய்யாகிக்கொண்டு வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்வது சுலபமாக இல்லை.

நான் சொன்னது சரி என்று இன்றும் நம்புகிறேன். கரையிலிருந்து பல மைல் தள்ளி பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றால் இழுத்து வர இன்னொரு படகு வர வேண்டும், வானிலை விட வேண்டும். எத்தனை நாள் என்று தெரியாமலே வேண்டாம் என்று சொல்ல இந்த ஒன்று போதும். ஆனால் இதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. சிசி சொன்னேன், டிகிரி சொன்னேன். அவர் கடலுக்குப் போய் வளர்ந்த மனிதர், அதை அவருக்கு நான் எடுத்துச் சொல்வதா என்று தயங்கினேன். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்றும் தோன்றவில்லை. பையன்களை நடுவில் வைத்துப் பயமுறுத்துகிறேன் என்று நினைத்திருக்கலாம்.

வேறொரு சந்தேகமும் இருக்கிறது. ஒருவேளை அந்த டிரைவர் வலை இழுக்கும்போது சுற்றை ஏற்றியே வைத்து பூஸ்ட்டை விடாமல் பிடிக்கிறாரோ என்னவோ. அப்படியென்றால் எல்.டி.ஏ. செய்ய வேண்டியதை அவர் காதால் செய்கிறார். அந்த ஒரு ஆள் லீவு போட்டால்?

அந்தப் படகில் ஒரே ஒரு நடை என் மீட்டரை மாட்ட விட்டால் கூலி வாங்காமல் போவேன். 650 காட்டினால் என் கணக்கு எங்கே பிசகியது என்று தேடலாம். 750 காட்டி, அதிலும் எஞ்சின் ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டிருந்தால், அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.