காப்புக்குள் கால் கன சென்டிமீட்டர்

நகைக்கடன் மதிப்பீட்டாளரான என்னிடம் ஓர் அம்மா கொண்டுவந்த காப்பு, உரைகல்லில் 22 காரட் என்றே காட்டியது. உரைகல்லுக்கு மேற்பரப்பு மட்டுமே தெரியும் என்பதால், கனமான காப்புகளைத் தண்ணீரிலும் நிறுத்துப் பார்ப்பது என் வழக்கம். வெளியே 32 கிராம். 22 காரட் தங்கத்தின் அடர்த்தி, கலந்திருப்பது செம்பா வெள்ளியா என்பதைப் பொறுத்து, கன சென்டிமீட்டருக்கு 17.6 முதல் 18 கிராம் வரை இருக்கும். 32 கிராமை 17.8-ஆல் வகுத்தால் கன அளவு ஏறத்தாழ 1.8 வர வேண்டும். தண்ணீரிலோ எடை 2.05 கிராம் குறைந்தது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம், அதாவது காப்பு 2.05 கன சென்டிமீட்டர் இடத்தை அடைத்திருந்தது. ஒட்டிய குமிழிகளைத் தூரிகையால் தட்டிவிட்டுப் பார்த்தும் அதே எண்தான்.

“உள்ளே காற்றுதான் சார் இருக்கு. காற்றுக்கு நான் பணம் கேட்கலையே?” என்றார் அந்த அம்மா.

கணக்குப்படி அவர் சொன்னதில் பிழையே இல்லை. மிகுந்த கால் கன சென்டிமீட்டர் வெற்றிடமாக இருந்தால், 32 கிராமும் தங்கம்தான். கடன் தொகையில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. உள்ளே செம்பு நிரப்பியிருந்தால், அது தங்கத்தின் இடத்தையும் பிடித்திருக்கும் என்பதால், சுமார் 4.6 கிராம் செம்பு மறைந்திருக்கும். வெள்ளியானால் 6.5 கிராம். நிரப்பிய உலோகம் கனமாக இருக்க இருக்க மறைந்திருப்பதும் கூடுகிறது என்பதால், குறைந்தபட்சத் தங்கம் இவ்வளவு என்று வைத்து அதற்கு மட்டும் கடன் கொடுக்கலாமே என்ற யோசனையும் எடுபடவில்லை.

மூடிய கூட்டைப் பற்றவைக்கும்போது உள்ளிருக்கும் சூடான காற்று வெளியேற ஆசாரிகள் சிறு துளை விடுவார்கள். லென்ஸில் தேடினேன், தென்படவில்லை. பிறகு அடைத்திருக்கலாம். வெட்டிப் பார்க்க எனக்கு உரிமையில்லை, வெட்டச் சொல்ல அவருக்கு மனமில்லை. போலி என்று பின்னால் தெரிந்தால் இழப்பு மதிப்பீட்டாளரின் தலையில்தான் விழும் என்பதை மேலாளர் நினைவூட்டவும் தேவைப்படவில்லை. ‘ஐயத்துக்குரியது’ என்று எழுதிக் காப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சொல் நகைக்கு என்றுதான் நான் எழுதினேன். அவர் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

எழுதியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தூய தங்கத்தின் அடர்த்தி 19.3, தங்கக் கட்டிக்குள் அதை வைத்துக் கொண்டுவருபவரை என் தண்ணீர்க் கிண்ணம் மறிக்காது, உள்ளே கூடாகச் செய்த நேர்மையான நகையை மறிக்கும். உலோகக் கலவையைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவியும் மேலே சில மைக்ரான் ஆழத்தைத்தான் பார்க்கிறது. அப்படியிருந்தும் கனமான காப்பு வந்தால் கை கிண்ணத்தைத்தான் தேடுகிறது. கன அளவு மிகுந்தால் அதே சொல்லைத்தான் எழுதுகிறேன், காற்றாக இருக்கலாம் என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.