கால்க்பிரென்னரின் கம்பி: மூன்று வாரக் கணக்கு

என் வலது கை மோதிர விரல் ஒரு சோம்பேறி. கீபோர்டில் ஸ்கேல் (ஏறி இறங்கும் சுர வரிசை) வாசிக்கும்போது, அதன் முறை வரும்போதெல்லாம் முன்கை கூடவே இறங்கி அமுக்கிக் கொடுக்கும். இதற்கு வழி தேடியபோது கிடைத்தவர்தான் பிரெடரிக் கால்க்பிரென்னர். போலந்து இசையமைப்பாளர் ஷோபானுக்கு முந்தைய தலைமுறையின் கச்சேரி பியானோக் கலைஞர், ஆசிரியர், பிளேயல் பியானோ கம்பெனியில் பங்குதாரர்.

1814இல் லோஜியே என்பவர் விரல்களைத் தனித்தனிச் சட்டத்துக்குள் மாட்டும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். கால்க்பிரென்னர் அதில் விரல் சட்டங்களைக் கழற்றிவிட்டு, கட்டைகளுக்கு முன்னால் குறுக்கே ஓடும் கம்பியை மட்டும் வைத்துக்கொண்டார். முன்கை அதன்மேல் கிடக்கும். அதனால் கையின் பாரம் கட்டையில் இறங்காது, விரலும் மணிக்கட்டும்தான் உழைக்க வேண்டும்.

முதல் வாரம்: மூன்றடித் திரைச்சீலைக் கம்பி, இரு பக்கமும் பழைய புத்தக அடுக்கு. வாசிக்க ஆரம்பித்ததும் அடுக்கு நகர்ந்தது. மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். உயரம்தான் பெரிய பாடு. அரை அங்குலம் கூடினாலே மணிக்கட்டு தொங்குகிறது. கட்டை மட்டத்துக்கு இறக்கிய பிறகுதான் சரியானது. "துணி காயப்போடவா?" என்று அம்மா கேட்டார்.

இரண்டாம் வாரம்: பயிற்சியின்போது ஏதாவது படிக்கலாம் என்பது கால்க்பிரென்னரின் யோசனையாம். செய்தித்தாளை விரித்து வைத்து ஐந்து சுர வரிசையை இருபது நிமிடம் ஓட்டினேன். ராசிபலன் நினைவிருக்கிறது, விரல் என்ன செய்தது என்று நினைவில்லை. இந்த யோசனை எனக்கு வேண்டாம்.

இந்த மனிதர்தான் 1831இல் பாரிசுக்கு வந்த இருபத்தொரு வயது ஷோபானிடம், மூன்று வருடம் என்னிடம் படி என்றார். தலைக்கனம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஷோபான் இவர் வாசிப்பில் அப்படியே மயங்கிப்போய், படிக்கலாமா என்று உண்மையாகவே யோசித்திருக்கிறார். வார்சாவில் இருந்த குரு எல்ஸ்னருக்கும் வீட்டாருக்கும் அது பிடிக்கவில்லை. கடைசியில் மறுத்துவிட்டார், ஆனால் பகையில்லை. 1832 பிப்ரவரியில் பாரிசில் ஷோபான் கொடுத்த முதல் கச்சேரியில், கால்க்பிரென்னர் ஆறு பியானோவுக்கு எழுதிய படைப்பை இருவரும் சேர்ந்தே வாசித்தார்கள். பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய இ மைனர் கான்செர்டோவையும் ஷோபான் இவருக்கே காணிக்கையாக்கினார். இருவருக்கும் 1849தான் கடைசி வருடம். கால்க்பிரென்னர் இறந்தது ஜூனில், காலராவில். ஷோபான் அக்டோபரில்.

மூன்றாம் வாரம்: மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) 60இல் தடுமாறிய ஸ்கேல் 72இல் ஒரே சீராக வருகிறது. மோதிர விரல் தானாக எழுகிறது, எனக்கே ஆச்சரியம். அந்தத் தெம்பில் நண்பர் வீட்டு நிஜப் பியானோவுக்குக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மானம் போனது. என் கீபோர்டின் கட்டைகள் இறகு மாதிரி. அங்கே கட்டை கனம், உரக்க வாசிக்க வேண்டிய இடத்தில் முனகல்தான் வந்தது. கம்பியை எடுத்ததும் சத்தம் வந்தது.

கால்க்பிரென்னரின் மாணவர் ஸ்டமாட்டியிடம் சிறுவயதில் இதே கம்பியில் பழகிய பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சோன்ஸும் பிற்காலத்தில் ஏறக்குறைய இதையேதான் எழுதினார்: கட்டை லேசான பழைய வாத்தியங்களுக்கான இசைக்கு அருமையான முறை, புதிய பியானோவுக்குப் போதாது. முதலிலேயே படித்திருந்தால் பஸ்ஸில் கம்பியோடு நின்றிருக்க மாட்டேன்.

இப்போதைக்குத் தினம் பத்து நிமிடம், ஸ்கேலுக்கு மட்டும் கம்பி. முன்கையில் சிவப்பாகக் கோடு விழுகிறது. பழைய சைக்கிள் டியூப் ஒன்றைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.