மொனாங்காவின் காகிதங்கள்

பிட்ஸ்பர்க்கில் தினமும் மொனாங்கஹேலா ஆற்றைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். நம் ஊர் ஆறுகள் பெரும்பாலும் மேற்கே பிறந்து கிழக்கே போகும். இது தெற்கே மேற்கு வர்ஜீனியா மலைகளில் பிறந்து வடக்கே வருகிறது. நகரத்தின் நடுவில் அலிகெனி ஆற்றோடு சேர்ந்ததும் ஒஹையோ என்று பெயர் மாறிவிடும். நிலக்கரி ஏற்றிய படகுகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆறு வரும் வழியே போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். போன அக்டோபரில் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். வார நாளாகப் பார்த்ததற்குக் காரணம், நான் போக நினைத்தது ஓர் ஆவணக் காப்பகத்துக்கு.

என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் போன குடும்பம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். அங்கே அதற்கு 'ஏர்பிளாஸ்ட்' என்று பெயர். வீட்டில் அலமாரிப் பாத்திரம் கடகடவென்று ஆடினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு பாட்டி, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டுக்கு ஓடுவாராம். இதை அம்மா சொல்லாத வருடமில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். சில வருடம் கழித்து, தாத்தாவின் வேலைப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். “அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு சார்” என்றார்கள். இருபது வருடம் ஆகப்போகிறது, அந்தப் பதில் இன்னும் ஆறவில்லை.

மேற்கு வர்ஜீனியாவும் சுரங்க நாடுதான். தோண்டியது நிலக்கரி. அந்த மக்களின் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடியபோதுதான் மார்கன்டவுனில் உள்ள மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வட்டார வரலாற்று மையம் பற்றித் தெரிந்தது. 1930களிலேயே சேகரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

79ஆம் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். மார்கன்டவுன் ஆற்றங்கரையில் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும் ஊர். ஓட்டுநர் இல்லாமல் தனிக் கான்கிரீட் பாதையில் ரப்பர் சக்கரங்களில் ஓடும் குட்டி வண்டிகள் 1975 முதல் மாணவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு சுற்று ஏறிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனமெல்லாம் வைஸ் நூலகத்தின் ஆறாவது தளத்தில் இருந்தது.

பையையும் தண்ணீர் பாட்டிலையும் வெளியே வைத்துவிட்டு, பெயர் எழுதிவிட்டு உள்ளே போனேன். சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்ததும் மேசையில் இருந்த அம்மையார் ஒரு பென்சிலை நீட்டினார். உள்ளே பென்சில் மட்டும்தான். மை சிந்தினால் நூறு வருடக் காகிதத்தை யாராலும் மீட்க முடியாது. புகைப்படம் எடுக்கலாம், ஃப்ளாஷ் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோப்பு, அதைத் திரும்ப அதே வரிசையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு சேகரிப்புக்கும் 'ஏ அண்ட் எம்' என்று தொடங்கும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைச் சொன்னால் போதும், சாம்பல் நிற அட்டைப்பெட்டி மேசைக்கு வந்துவிடும். நான் யார், எந்த நாடு, எதற்காக என்று துருவவில்லை. என்ன தேடுகிறேன் என்று மட்டும் கேட்டார்கள், அதுவும் உதவி செய்வதற்காக.

புதிதாக என்ன வந்திருக்கிறது, என்ன கண்காட்சி என்று சொல்ல மையம் ஒரு செய்திமடல் போடுகிறது. பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விட்டது. இந்த மாநிலமே உள்நாட்டுப் போரின் நடுவில் வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து 1863 ஜூன் 20 அன்று பிறந்தது. ஆண்டுதோறும் அந்த நாளை மையத்தில் கொண்டாடுகிறார்கள். பிரிவினைக்கு முன்நின்ற வெய்ட்மன் வில்லி, பிரான்சிஸ் பியர்பாண்ட் இருவரின் கடிதங்களும் இங்கேதான். 1938இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பேர்ல் பக் இந்த மாநிலத்தின் ஹில்ஸ்பரோவில் பிறந்தவர். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் 2014இல் இங்கே வந்து சேர்ந்தன. ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்காக 1867இல் தொடங்கி 1955இல் மூடப்பட்ட ஸ்டோரர் கல்லூரியின் ஆவணங்களும் இருக்கின்றன. கல்லூரி போய்விட்டது. யார் படித்தார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

அப்புறம் நான் வந்த விஷயத்துக்குப் போனேன். மையம் 50,000க்கும் மேற்பட்ட பழைய புகைப்படங்களை 'ஆன்வியூ' என்ற பெயரில் இணையத்தில் போட்டிருக்கிறது. உலகில் எங்கிருந்தும் காசில்லாமல் பார்க்கலாம். 'மொனாங்கா' என்று தட்டினேன்.

1907 டிசம்பர் 6, காலை பத்தரை மணிக்குச் சற்று முன்பு, மொனாங்கா ஊரில் ஃபேர்மான்ட் நிலக்கரி நிறுவனத்தின் 6, 8 எண் சுரங்கங்கள் வெடித்தன. கணக்கில் வந்த சாவு 361. அமெரிக்கச் சுரங்க விபத்துகளில் இதுதான் மிகப் பெரியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலி, போலந்து, ஹங்கேரிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகம் என்று பலரும் சொல்வதற்குக் காரணம், அன்றைய வேலைமுறை. வெட்டிய கரிக்கு எடை பார்த்துக் கூலி. அதனால் எடையைக் கூட்ட மகனையோ தம்பியையோ ஊர்க்காரனையோ கூடவே கூட்டிப்போவார்கள். கம்பெனியின் சம்பளப் பதிவில் ஒருவன் பெயர்தான் இருக்கும். உள்ளே போனது இரண்டு பேர், எழுதியது ஒருவர்.

ஒரு படத்தில் தெருவோடு சவப்பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. கட்டி முடிக்காத வங்கிக் கட்டடத்தைத்தான் பிணவறையாக்கினார்கள். இன்னொன்றில் சுரங்க வாயிலைப் பார்த்தபடி கூட்டம். எல்லோரும் முதுகைக் காட்டி நிற்கிறார்கள், ஒரு முகம்கூடத் தெரியாது. சால்வையை இழுத்துப் போர்த்திய பெண்கள், தொப்பி போட்ட பையன்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சால்வைகளில் ஒன்றுக்குள் என் பாட்டி இருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அவ்வளவு பழக்கமான நிற்பு அது. மூடும் நேரம் வந்ததைச் சொல்ல அந்த அம்மையார் அருகில் வந்தபோதுதான் கண் கலங்கியிருப்பது தெரிந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. “நாளைக்கும் திறந்திருப்போம்” என்றார்.

மறுநாள் காப்பகத்துக்குப் போகாமல் தெற்கே ஃபேர்மான்ட் போனேன். டைகார்ட் வேலி ஆறும் வெஸ்ட் ஃபோர்க் ஆறும் கூடி மொனாங்கஹேலா ஆவது இந்த ஊரில்தான். நான் தினம் தாண்டும் ஆற்றின் தொடக்கம். கரையில் நின்று சாப்பிட, அங்கேயே 1927இல் ஓர் இத்தாலியப் பேக்கரிக்காரர் சுரங்கத் தொழிலாளிகளுக்காகச் செய்யத் தொடங்கிய பெப்பரோனி ரோல் வாங்கிக்கொண்டேன். உள்ளங்கை அளவு பன், உள்ளே காரமான இறைச்சிக் குச்சிகள். அதன் எண்ணெய் ரொட்டியில் இறங்கி ஆரஞ்சு நிறமாகியிருந்தது. கெடாது, தட்டு வேண்டாம், ஒரு கையால் சாப்பிடலாம். தாத்தாவின் தூக்குச்சட்டியில் போன களி நினைவுக்கு வந்தது.

இதே ஊரில் 1908 ஜூலை 5 அன்று ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் தந்தையருக்கென்று ஒரு வழிபாடு நடந்தது. நாட்டின் முதல் தந்தையர் தின வழிபாடு அதுதான் என்பார்கள். அதை நடத்தச் சொல்லிக் கேட்டவர் கிரேஸ் கோல்டன் கிளேட்டன் என்ற பெண்மணி. ஏழு மாதத்துக்கு முன் மொனாங்காவில் அப்பாவை இழந்த குழந்தைகளை நினைத்துத்தான் கேட்டார். நம் வீடுகளில் ஜூன் மாதம் கேக் வெட்டும் நாளுக்குப் பின்னால் இப்படி ஒரு சங்கதி இருப்பது எனக்குத் தெரியாது.

மொனாங்கா அங்கிருந்து பத்து நிமிடம். அமைதியான சின்ன ஊர். கைம்பெண்களின் நினைவாகப் பளிங்கில் ஒரு தாயின் சிலை வைத்திருக்கிறார்கள். கதரீனா தாவியா என்றொரு பெண், புருஷனின் உடல் கிடைக்காமல், தினமும் சுரங்கத்திலிருந்து ஒரு சாக்கு கரி சுமந்து வந்து வீட்டோரம் குவித்தாராம். உள்ளே கிடக்கும் புருஷன் மேல் இருக்கும் பாரத்தைக் கொஞ்சமாவது குறைக்கத்தான். 29 வருடம் சுமந்தாராம். மேட்டில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் ஏறினேன். பெயர் பொறித்த கற்களுக்கு நடுவே வெறும் புல்லாகவும் நிறைய இடம். அங்கே உட்கார்ந்துதான் அம்மாவுக்குப் போன் செய்தேன். இந்தியாவில் இரவு பத்து மணி.

“பரண்ல தாத்தா டிரங்குப் பெட்டி இருக்கில்லம்மா, அதுல என்னென்ன இருக்கு?”

“சம்பளச் சீட்டு கொஞ்சம், ரேஷன் கார்டு, ஷாஃப்ட் முன்னாடி எல்லாரும் நிக்கிற போட்டோ ஒண்ணு. ஏம்ப்பா?”

“எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. துருப்பிடிச்ச குண்டூசி இருந்தா மெதுவா எடுத்துடுங்க. பழைய வெள்ளை வேட்டியில சுத்தி வைங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம்.”

“சம்பளச் சீட்டு ஒண்ணை லேமினேட் பண்ணிட்டேனே.”

“பரவாயில்லம்மா. மத்ததை அப்படியே விடுங்க. அந்த போட்டோவுல எத்தனை பேரை அடையாளம் தெரியும் உங்களுக்கு?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெட்டியை இறக்கச் சொல்லி அப்பாவைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்பது பேர் வரை வந்தது.

“பின்பக்கம் எழுதி வைங்கம்மா. பேரு, எந்த லைன் வீடு, எந்த ஊர்லேருந்து வந்தவங்க.”

“பேனா எடுத்துட்டு வர்றேன் இரு.”

“பேனா வேணாம்மா, பென்சில்ல எழுதுங்க. அழுத்தாம எழுதுங்க.”