நானே பார்த்து வாங்கணும்

2025 செப்டம்பர் 8, திங்கள்

பருப்பும் புளியும் தீர்ந்துவிட்டன. சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இணைப்புச் சக்கரம் பொருத்தி அரசு கொடுத்த வண்டி. அது இருப்பதால் தண்டையார்பேட்டையில் எந்தக் கடை வாசலுக்கும் யார் தயவும் இல்லாமல் போய்விடுவேன். வாசலோடு சரி.

புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு மூன்று படி. கைப்பிடி கிடையாது. போலியோ வந்த காலில் அதைத் தாங்கும் காலிப்பர் கருவி, ஒரு கையில் ஊன்றுகட்டை. ஏறுவதென்றால் இன்னொரு கைக்குப் பிடிமானம் வேண்டும். கண்ணாடிக் கதவை எங்கே பிடிப்பது? வாசல் காவலாளி நல்ல மனிதர். "நீங்க வண்டியிலயே உக்காருங்கம்மா, லிஸ்ட்டக் குடுங்க, பசங்க எடுத்தாருவாங்க" என்றார்.

கொடுத்தேன். புளி கொட்டையோடு வந்தது. பருப்பு நான் வாங்கும் ரகம் இல்லை. தக்காளியில் மூன்று நசுங்கியிருந்தன. திருப்பிக் கொடுக்க வாய் வரவில்லை. உதவி செய்த பையனிடம் குறை சொல்வதா? காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு நன்றிக்கடன் பட்டவளாக வீடு திரும்பினேன்.

செப்டம்பர் 10, புதன்

தெருமுனை அண்ணாச்சி கடையில் கொட்டையெடுத்த புளி வாங்கினேன். இங்கே உள்ளே போகவே வேண்டாம். பலகைக்கு இந்தப் பக்கம் நின்றால் போதும்; பருப்பைக் கையில் அள்ளிக் காட்டுவார், மிளகாயை நான் முகர்ந்து பார்ப்பேன். எடுத்துத் தருவது அவர், தேர்ந்தெடுப்பது நான். கூடையைத் தூக்கிக்கொண்டு நாமே எடுக்கிற கடைகள் வந்த பிறகுதான் எனக்கு இது போயிற்று. உள்ளே போக முடிந்த ஒன்றிரண்டு கடைகளிலும் நடைவழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். துடைத்த ஈரம் காயாத டைல்ஸில் கட்டையின் ரப்பர் வழுக்கும். கட்டை பிடித்த கையால் கூடையைப் பிடிக்க முடியாது.

படியைப் பற்றி அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். 2015 வெள்ளத்தில் அவருக்கு மூட்டை மூட்டையாக அரிசி போனது. அப்புறம்தான் தரையை உயர்த்தினாராம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டால் தெரு ஏறும், தெரு ஏறினால் கடையும் ஏறும். யாரும் வேண்டுமென்று என்னை வெளியே நிறுத்தவில்லை என்று புரிகிறது. ஆனாலும் வெளியேதான் நிற்கிறேன்.

சாய்தளம் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும். மூன்று படி 18 அங்குலம் என்றால் 18 அடி. நேராகப் போட்டால் நடு ரோட்டுக்கு வந்துவிடும். மடக்கித்தான் கட்ட வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் என் தோழிக்கு அது இல்லாமல் முடியாது. எனக்கோ இரண்டு பக்கமும் ஒரு இரும்புக் குழாய் போதும். மாற்றுத்திறனாளி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள், தேவை ஒன்றில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் கடைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. போன ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும், எங்களைப் போன்றவர்களும் உள்ளே போய்வர வழி செய்யும் அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தக் கடை மேலாளரிடம் நாளை கைப்பிடி கேட்கப் போகிறேன். எழுதியே கொடுப்பேன்.

செப்டம்பர் 13, சனி

ரேஷன் வீட்டுக்கே வந்தது. போன மாதம் 12ஆம் தேதி எங்கள் தண்டையார்பேட்டையில்தான் முதல்வர் ஸ்டாலின் தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 70 வயது தாண்டியவர்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் மாதத்தின் இரண்டாம் சனி, ஞாயிறில் வண்டி வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். தராசு, ரேகை வைக்கும் மெஷின் எல்லாம் அதிலேயே. அம்மாவின் ரேகை மூன்றாம் தடவைதான் விழுந்தது. அரிசி, சர்க்கரை, பாமாயில். வரிசையில் கட்டை ஊன்றி நின்று தோள் வலிக்காத மாதம் இது. மனதார நன்றி.

பக்கத்து வீட்டு அக்கா, "அதான் எல்லாம் வீட்டுக்கே வருதே, இன்னும் எதுக்குப் படியப் பத்திக் கவலப்படுற?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். எனக்கு இரவு வரை மனசு ஆறவில்லை. முடியாத நாளில் வீட்டுக்கு வரட்டும். முடிகிற நாளில் நான் போக வேண்டாமா? மெட்ரோ நிலையத்தில் லிஃப்டில் ஏறி விம்கோ நகர் வரை தனியாகப் போய் வருகிறேன். ரோட்டைத் தாண்டி ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்க முடியவில்லை.

மேலாளர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். "ஓனர்கிட்ட சொல்றேன்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

புதன்கிழமை புரட்டாசி பிறக்கிறது. அதனால் காசிமேடு மீன் சந்தையில் இன்று சொல்லவே வேண்டாம், அவ்வளவு கூட்டம். உள்ளே தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். கட்டையோடு கால் வைக்க முடியாது. வெளியே ஓரமாக வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மா பார்த்துவிட்டார். அன்னக்கூடையைத் தூக்கி வந்து ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் இறக்கினார்.

"நீயே பாரு கண்ணு. புடிக்கலன்னா வேற கூடை எடுத்தாறேன்."

ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு வவ்வால் மீனை ஒதுக்கினேன். அவர் முகம் கோணவில்லை. அடுத்த கூடையைக் கொண்டுவரப் போனார். அதில் சங்கரா நன்றாக இருந்தது. ஒரு கிலோ வாங்கினேன், விலையும் பேசினேன்.