சிக்குன்குனியா மூட்டுவலிக்கு லேசர்: எத்தனை ஜூல் என்று கேளுங்கள்

சிக்குன்குனியாவில் காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். மூட்டுவலி இறங்காது. காலையில் விரல் மடங்காது, கணுக்கால் தரையில் ஊன்றாது, சட்டைப் பட்டன் போட இன்னொருவர் கை வேண்டியிருக்கும். பலருக்கு இது சில வாரங்களில் சரியாகும். மூன்று மாதம் தாண்டியும் விடாவிட்டால் நாள்பட்ட நிலை என்று கணக்கு. மாத்திரை சாப்பிட்டு வயிறு புண்ணானவர்கள் வலி தணிக்கும் குறைந்த சக்தி லேசரைத் தேடி பிசியோதெரபி மையங்களுக்கு வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

லேசர் வைரசைக் கொல்வதில்லை. அந்த நேரத்தில் கொல்வதற்கு ரத்தத்தில் வைரசும் இருக்காது. மிச்சம் இருப்பது அழற்சி: மூட்டுச் சவ்வில் வீக்கம், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களின் உறைகளில் வீக்கம். ஒளியை செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி உறிஞ்சுகிறது, அதைத் தொடர்ந்து அழற்சியும் வலியும் தணிகின்றன என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சிக்குன்குனியாவுக்கென்றே நடந்த ஆய்வுகள் குறைவு. முடக்குவாதத்திலும் முழங்கால் தேய்மானத்திலும் கிடைத்த குறுகிய கால நிவாரணத்தை வைத்துத்தான் இங்கும் தருகிறார்கள். ‘நிரந்தரத் தீர்வு’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அளவு சரியாக இருந்தால் மட்டுமே அந்த நிவாரணமும் கிடைக்கும். அந்த அளவைச் சொல்வது ஜூல், அதாவது பாய்ந்த ஒளியின் ஆற்றல். கணக்கு எளிது: வாட்டை விநாடியால் பெருக்கினால் ஜூல். 808 நானோமீட்டர் அலைநீளம், 100 மில்லிவாட் உள்ள புரோபை (ஒளி வரும் கைப்பிடி முனை) ஒரே புள்ளியில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல். 780 முதல் 820 நானோமீட்டர் வரையிலான கருவிகளுக்கு உலக லேசர் சிகிச்சைச் சங்கம் பரிந்துரைக்கும் அளவு, புள்ளிக்குக் குறைந்தது 4 ஜூல். விரல் மூட்டுக்கு ஒன்றிரண்டு புள்ளி, மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் இரண்டு முதல் நான்கு. தினமும் என்றால் இரண்டு வாரம், ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் மூன்று, நான்கு வாரம். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பலனும் கூடும் என்பதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் அது குறையவே செய்யும்.

ஒளியை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் 904 நானோமீட்டர் துடிப்பு லேசரில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் ‘25 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது ஒரு துடிப்பின் உச்ச சக்தி. துடிப்பு நீடிப்பது 200 நானோ விநாடி என்றால் ஒரு துடிப்பில் கிடைப்பது ஒரு ஜூலில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. விநாடிக்கு 5000 துடிப்பு வைத்தால் சராசரி 25 மில்லிவாட், 1 ஜூலுக்கு 40 விநாடி. அதே கருவியில் ‘வலிக்கு 100 ஹெர்ட்ஸ்’ (விநாடிக்கு 100 துடிப்பு) என்று பட்டனை மாற்றினால் சராசரி அரை மில்லிவாட்டுக்கு இறங்கிவிடும். அதே 1 ஜூலைக் கொடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு நிமிடத்தில் புரோபை எடுத்துவிட்டால் நோயாளிக்குக் கிடைத்தது வெறும் பீப் சத்தம்தான். 904க்குப் புள்ளிக்கு 1 ஜூலே போதும் என்பதால் இரண்டு வகைக் கருவிகளின் அளவையும் ஒன்றோடொன்று குழப்பக் கூடாது.

வைக்கும் முறையிலும் கோட்டை விடுகிறார்கள். புரோப் தோலைத் தொட்டு, நேர்செங்குத்தாக, லேசாக அழுத்தியபடி இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தாலே ஒளியில் கணிசமான பங்கு தோலில் பட்டுச் சிதறிவிடும். தைலம், வலி ஜெல், மஞ்சள் பற்று எதுவானாலும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். விரல் மூட்டின் மேல்புறம் மட்டும் காட்டினால் போதாது, பக்கவாட்டு இடுக்கிலும் வைக்க வேண்டும், அங்கேதான் சவ்வு தோலுக்கு அருகில் இருக்கிறது. கணுக்காலில் வெளிப்புறம் துருத்தும் எலும்பு முட்டுக்குப் பின்னால் ஓடும் தசைநாணை விரலால் தடவி, வலிக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம்மூர்த் தோலில் மெலனின் அதிகம், அது ஒளியை மேற்பரப்பிலேயே பிடித்துச் சூடாக்கும். அதனால் 650 நானோமீட்டரைச் சுற்றியுள்ள சிவப்பு ஒளியைவிட அகச்சிவப்பே தோது. சுருக்கென்று சுட்டால் 40 விநாடியை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். பச்சை குத்திய இடத்தில் வைக்கவே கூடாது.

பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமை தானாக மூடிக்கொள்ளாது, விழித்திரை கருகியது பிறகுதான் தெரியும். நோயாளிக்கும் சிகிச்சை தருபவருக்கும் அந்தந்த அலைநீளத்துக்கான கண்ணாடி வேண்டும், வெயில் கண்ணாடி பயன்படாது. புற்றுநோய் உள்ள இடம், கர்ப்பிணியின் வயிறு, தைராய்டு மேல் வைக்கக் கூடாது. டாக்ஸிசைக்ளின் போல, ஒளி பட்டால் தோல் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

லேசர் தரும் நிவாரணம் கையை அசைக்கக் கிடைத்த இடைவெளி. அதே நாளிலேயே அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: விரல்களை நேராக நீட்டி, கொக்கி போல மடக்கி, பிறகு முழு முஷ்டியாக்கி, மெதுவாகப் பத்து முறை. ஈரத்துணி பிழிவதையும் நிறைகுடம் தூக்குவதையும் சில வாரம் மற்றவர்களிடம் விடுங்கள்.

முதல் சிட்டிங்குக்கு முன்பே மூன்றை எழுதி வைக்க வேண்டும்: காலை இறுக்கம் எத்தனை நிமிடம், வலி பத்துக்கு எத்தனை, முஷ்டி மடக்கினால் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி. ஆறாவது சிட்டிங்கில் மறுபடி அளந்து பாருங்கள். மூன்றில் ஒன்றுகூட அசையவில்லை என்றால் முதலில் கருவியின் வெளியீட்டைப் பவர் மீட்டரில் சோதிக்கச் சொல்லுங்கள், ஒளியை உமிழும் பழைய டயோடுகள் மங்கிப்போகும். கருவி சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால் மேலும் பத்து சிட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

மூட்டு கண்ணுக்குத் தெரியும்படி வீங்கியே இருந்தாலோ, காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டுவாத மருத்துவரிடம் போய் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். சிக்குன்குனியா என்று நினைத்துக்கொண்டிருப்பது சிலருக்கு முடக்குவாதமாகவே இருக்கும். அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தள்ளிப்போட்டால் எலும்பு அரிக்கும், அந்த அரிப்பை எந்த லேசராலும் திருப்ப முடியாது.